மணலியில் சும்மா கிடக்கும் மனை தானாகக் காடாகுமா?

கேள்வி இது: வடசென்னையில் மணலிப் பக்கம் பழைய கிடங்கை இடித்துப் போட்ட மனை ஒன்று ஆறு வருஷமாகச் சும்மா கிடக்கிறது. முதல் மழைக்குப் புல்பூண்டு வந்தது, பிறகு எருக்கும் ஆமணக்கும், இப்போது முழுக்க வேலிகாத்தான், அதாவது சீமைக் கருவேலம். “பாறை, லைக்கன், பாசி, புல், புதர், மரம் என்று பள்ளியில் படித்தோமே, இன்னும் பத்து வருஷம் விட்டால் இது காடாகிவிடுமா?”

பெரும்பாலும் ஆகாது. வேலிகாத்தான் கட்டத்திலேயே நின்றுவிடும். ஏன் நிற்கிறது, எதைச் செய்தால் நகரும் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தப் பாடத்திலேயே ஒரு திருத்தம் வேண்டும்.

பாறையில் தொடங்கும் வரிசை உங்கள் மனைக்குப் பொருந்தாது. ஒரு செடிக்கூட்டத்தின் இடத்தில் அடுத்தது வரிசையாக வருவதை வழிமுறை வளர்ச்சி என்கிறோம். பாறையில் தொடங்குவது அதில் முதல்நிலை: மண்ணே இல்லாத இடத்தில், எரிமலைக் குழம்பு ஆறிய பரப்பிலோ பனியாறு பின்வாங்கிய கூழாங்கல் தரையிலோ நடப்பது. உங்கள் மனையில் மண் இருக்கிறது, மண்ணுக்குள் விதையும் கிழங்கும் இருக்கின்றன. ஏற்கெனவே உயிர் இருந்த இடம் கலைக்கப்பட்டு மறுபடி எழுவது இரண்டாம்நிலை. அதனால்தான் லைக்கனுக்கு, அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படலத்துக்கு, காத்திராமல் முதல் மழைக்கே பச்சை வந்தது. சொல்லப்போனால், தொழிற்சாலைப் புகை படியும் மணலியில் லைக்கனை எதிர்பார்ப்பதே அதிகம். கந்தக டை ஆக்சைடைத் தாங்காத உயிர்களில் அது முன்வரிசை.

வடசென்னையில் முதல்நிலைக்கு உதாரணம் வேண்டுமென்றால் எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல் குட்டைகளைப் பாருங்கள், செப்பாக்கம் பக்கம் இருப்பவை போல. நிலக்கரி எரியும்போதே நைட்ரஜன் வாயுவாகப் போய்விடுகிறது. எனவே சாம்பலில் தழைச்சத்து ஏறக்குறைய பூஜ்யம், மக்குச் சத்தும் இல்லை, மண்ணுயிரும் இல்லை. ஈரம் நிற்கும் ஓரத்தில் சம்பு பிடிக்கும், உலர்ந்த மேட்டில் நாணல். இரண்டுமே காற்றில் பறக்கும் விதையும் தரையடித் தண்டும் கொண்டவை. நடுப்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறுமையாகவே கிடக்கும், ஏனென்றால் கோடைக் காற்றில் நகரும் சாம்பல் நாற்றை மூடிவிடுகிறது. இப்படிப்பட்ட பரப்பில் மேலே ஓர் அடி மண்ணைப் பரப்பி, கொழுஞ்சி மாதிரி, வேர்முடிச்சில் காற்றின் நைட்ரஜனைச் சேர்க்கும் செடியை முதலில் விதைத்தால்தான் அடுத்த கட்டம் தொடங்கும். அங்கே முளைக்கும் கீரையையோ புல்லையோ வீட்டுக்கும் மாட்டுக்கும் கொண்டுபோக வேண்டாம். சாம்பலில் உள்ள கனஉலோகம் இலை வரை ஏறும்.

சரி, உங்கள் மனைக்கு வருவோம். முதல் வருஷம் வந்தவற்றை நினைவுபடுத்திப் பாருங்கள்: மூக்கிரட்டை, குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, நாயுருவி, தைவேளை, பார்த்தீனியம், இடையில் அருகும் கோரையும். இவை ஏன் முதலில்? பெரும்பாலானவை சில வாரத்தில் பூத்து, ஆயிரக்கணக்கில் விதை விட்டு, மண்ணில் உறங்கி, வெயில் பட்டதும் எழுபவை. அருகும் கோரையும் தண்டிலிருந்தும் கிழங்கிலிருந்தும் எழும். நிழல் விழுந்தால் இவற்றுக்கு வேலையில்லை.

இரண்டு மூன்று வருஷத்தில் எருக்கு, ஆமணக்கு, துத்தி, மேலே படரும் கோவை, வேலிப்பருத்தி. இந்தக் கட்டத்தைக் களை என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் மிருகங்கள் வந்து சேர்வது இங்கேதான். எருக்கின் இளம் இலையின் அடியைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையும் உடம்பில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு இழைகளும் கொண்ட புழு இருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. பூவில் கரிய தச்சுத் தேனீ. பூச்சிகளுக்கு ஓணானும் கரிச்சானும். கோவைப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும். அந்தப் பறவை எச்சத்தில்தான் அடுத்த கட்டத்தின் விதை வருகிறது. எருக்குப் புதரை ‘சுத்தம்’ செய்வது அந்த வரவை நிறுத்துவதற்குச் சமம்.

அப்புறம் வேலிகாத்தான்.

இங்கேதான் கொஞ்சம் வரலாறு உதவும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரை மணல்மேடுகளை ஹென்றி கௌல்ஸ் 1899-இல் ஆராய்ந்தார்: கரையில் இளம் மேடு, உள்ளே போகப்போக மூத்த மேடு, அதற்கேற்ப புல், புதர், காடு. ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் 1916-இல் இதை ஒரு விதியாக்கினார்: ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் உச்சச் சமுதாயம், அதாவது மாறாமல் நிலைக்கும் கடைசிக் கட்டம், உண்டு, எங்கே தொடங்கினாலும் அங்கேதான் போய்ச் சேரும். ஹென்றி கிளீசன் 1926-இல் மறுத்தார்: ஒவ்வோர் இனமும் தன் போக்கில் வருகிறது போகிறது, சமுதாயம் என்பது அந்த நேரத்தில் அங்கே கூடியவர்களின் கூட்டம், அவ்வளவே. நம் பாடப்புத்தகம் கிளெமென்ட்ஸோடு நின்றுவிட்டது. களத்தில் நிற்பவருக்கு அதிகம் பயன்படுவது ஜோசப் கானலும் ரால்ஃப் ஸ்லாட்யரும் 1977-இல் பிரித்துச் சொன்ன மூன்று வழிகள். முன்னால் வந்தது பின்னால் வருவதற்கு இடத்தைத் தயார் செய்யலாம். தயார் செய்யாமல், பின்னது தன் பொறுமையால் நிழலிலேயே வளர்ந்து முந்தலாம். அல்லது முன்னால் வந்தது கதவைச் சாத்திக்கொண்டு உட்காரலாம். அது சாகும்வரை அல்லது யாரோ அகற்றும்வரை அடுத்தவருக்கு இடமில்லை.

மூன்றாவது வழியைக் கண்ணால் பார்க்கத் திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரைக் கருங்கற்களுக்குப் போகலாம். சென்னைத் துறைமுகம் கட்டியபின் மணல் தெற்கே மெரினாவில் சேர, வடக்கே கரை அரித்தது. அதைத் தடுக்கக் கல்லும் தூண்டில் வளைவும் போட்டார்கள். அடம்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்து மேடாக வேண்டிய மணலே பல இடத்தில் இல்லை. கல்லில் முதலில் ஏறுவது வழவழப்பான பச்சைப் பாசி. இதே மாதிரி கலிபோர்னியாக் கரைக் கற்களை வெய்ன் சூசா ஆராய்ந்து 1979-இல் எழுதினார்: பச்சைப் பாசி முந்திக்கொண்டு செம்பாசியைத் தடுத்தது. நண்டுகள் பச்சையைத் தேர்ந்தெடுத்துத் தின்ற இடத்தில்தான் செம்பாசி வேகமாகப் பிடித்தது. தடுப்பை உடைத்தது காலமல்ல, நண்டு.

உங்கள் மனையில் அந்த நண்டு இல்லை. இருக்கும் மிருகம் ஆடு, அதுவோ எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. வேலிகாத்தான் காயை விரும்பித் தின்று விதையைப் புழுக்கையில் பரப்பும். அதன் இலையைப் பெரும்பாலும் தொடாது, பக்கத்தில் முளைத்த வேப்பங்கன்றையும் நுணாவையும் மேய்ந்துவிடும். ஆட்களும் அதையே செய்கிறார்கள். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை விறகுக்கோ கரிக்கோ தரையோடு வெட்டுகிறார்கள். அடிக்கட்டை சில வாரத்தில் ஐந்தாறு கிளையாகத் தழைக்கும், விதையிலிருந்து வந்த நாட்டுக் கன்று ஒரே வெட்டில் போய்விடும். ஒவ்வொரு வெட்டும் போட்டியாளரை ஒழித்து வேலிகாத்தானை விட்டுவைக்கிறது. அதன் சருகிலிருந்து இறங்கும் வேதிப்பொருள்கள் மற்ற விதைகளின் முளைப்பைக் குறைக்கின்றன, உவர் நீரையும் அது தாங்கும். நைட்ரஜனைச் சேர்த்து மண்ணை வளமாக்குவதும் உண்மைதான், ஆனால் அந்த வளத்தை அனுபவிக்க அடுத்தவர் வந்தால்தானே.

அடுத்தவர் வரவேண்டிய தூரத்தையும் பாருங்கள். கிரகடோவா எரிமலை 1883 ஆகஸ்டில் வெடித்துத் தீவில் உயிரே இல்லாமல் போனது. அடுத்த ஆண்டு போனவர்கள் கண்டது ஒரு சின்னஞ்சிறு சிலந்தி. 1886-இல் நீலப்பச்சைப் பாசிகளும் பெரணிகளும். ஐம்பது ஆண்டுக்குள் காடு மூடிவிட்டது. காரணம், ஜாவாவும் சுமத்ராவும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் முழுக் காடுகளோடு இருந்தன. பழந்தின்னி வௌவாலும் புறாவும் விதையைக் கொண்டுவந்தன. நம் சோழமண்டலக் கரையின் இயல்பான முதிர்ந்த காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு: உலக்கைப்பாலை, வீரை, காயா, காட்டு நாரத்தை போன்ற தோல்போன்ற இலையுள்ள, மெதுவாக வளரும் மரங்கள். அதன் மிச்சம் தெற்கே கிண்டியிலும் வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலும் இருக்கிறது. மணலியிலிருந்து கிண்டி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் நடுவில் முழு நகரம். கொண்டைக்குருவி தின்ற விதை பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் விழுந்துவிடும். எனவே உங்கள் மனையில் விழுவது தெருவின் விதை: கோயில் அரசமரம், சாலையோர வேம்பு, சுவரோர உண்ணிச்செடி.

வேம்புக்கும் ஒரு சிக்கல் உண்டு. பழம் ஆனி, ஆடியில் உதிரும். விதை சில வாரம்தான் உயிரோடிருக்கும். அந்த நேரத்துச் சாயங்கால மழையில் முளைத்துவிட்டால் சரி. முளைத்த கன்று ஐப்பசியில் நீர் தேங்கினால் அழுகும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. கொசஸ்தலையாற்றுப் படுகையின் தாழ்நிலத்தில் அது வடியாமல் நிற்கும். மேட்டில் வேம்பும் பள்ளத்தில் வேலிகாத்தானும் நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இனி என்ன செய்யலாம். எதையும் வெட்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். ஓர் அடி நீள அகல ஆழத்தில் குழி தோண்டி அடுக்குகளைப் பாருங்கள். இடிபாட்டுச் சிமென்ட், சுண்ணாம்பு நிறைய இருந்தால் காரத்தன்மை கூடி pH அளவு 8-க்கு மேல் போகும். அப்படிப்பட்ட மண்ணில் நட்ட கன்றின் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்து ஏறாத அறிகுறி, தண்ணீர்க் குறை என்று நினைத்து மேலும் ஊற்றினால் மோசமாகும். குழியை நீரால் நிரப்பி ஒரு முறை வடியவிட்டு மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அடியில் இறுகிய அடுக்கு இருக்கிறது. அரசு மண் பரிசோதனை நிலையத்தில் உப்பின் அளவையும் கார அமிலத் தன்மையையும் கேட்டு வாங்குங்கள். செறிவுச் சாற்றில் (மண்ணை நீரால் நிறைத்து எடுக்கும் சாறு) மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் மண், இனத்தேர்வே மாற வேண்டும்.

விதை வங்கியை, அதாவது மண்ணில் உறங்கும் விதைகளின் இருப்பை, சோதிப்பது இன்னும் எளிது. மனையில் பத்து இடத்தில் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணை எடுத்துக் கலந்து, அகலத் தட்டில் 2 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, கொசுவலையால் மூடி, ஆறு முதல் எட்டு வாரம் ஈரம் காயாமல் வையுங்கள். என்னென்ன முளைக்கிறதோ அதுதான் நீங்கள் வெட்டித் தள்ளிய மறுமாதம் மனையில் எழப்போவது. பார்த்தீனியமும் வேலிகாத்தானும் மட்டும் முளைத்தால், மொத்தமாக ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்வது முட்டாள்தனம். ஆறு வருஷம் பின்னோக்கிப் போய் அதே படத்தை மறுபடி ஓட்டுவதுதான் நடக்கும்.

அகற்றுவதானால் மூன்றில் ஒரு பங்காக, மூன்று வருஷத்தில். கட்டைவிரல் பருமனுக்குக் குறைவான கன்றுகளைக் கார்த்திகை ஈரத்தில் வேரோடு பிடுங்கலாம். பெரியதை அடியைச் சுற்றித் தோண்டி, தரைக்கு ஓர் அடி கீழே வேர்க்கழுத்தோடு வெட்ட வேண்டும். மொட்டுகள் இருப்பது அங்கேதான், மேலே வெட்டினால் தழைக்கும். மீதி இரண்டு பங்கில் கீழ்க்கிளைகளைக் கழித்து மேல்குடையை நிழலுக்கு விட்டுவிடுங்கள். அதன் கீழே சருகைக் கூட்டி எடுத்து, குழிக்கு ஒரு கூடை மக்கிய எரு கலந்து நட்டால், எதிரியின் நிழலையே நாற்றங்கால் பந்தலாக்கிக்கொள்ளலாம். வேலிகாத்தான் விதை மண்ணில் பல வருஷம் கிடக்கும், எனவே குறைந்தது மூன்று மழைக்காலம் புதுக் கன்றைப் பிடுங்க ஆள் வேண்டும். வேலி இல்லையென்றால், ஆடு வருமென்றால், நடும் வேலையையே தொடங்காதீர்கள்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, இடைவெளி 2 முதல் 3 மீட்டர், நடும் காலம் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி முதல் பாதி. முதல் சுற்றில் வெயில் தாங்குபவை: உவர் இடத்தில் பூவரசு, நீர் தேங்குமிடத்தில் புங்கம், நாவல், மேட்டில் வேம்பு, நுணா. நிழல் விழுந்தபின், இரண்டாம் மூன்றாம் வருஷம், உலக்கைப்பாலையும் வீரையும் காயாவும். இவற்றை முதல் வருஷமே வெட்டவெளியில் நட்டுக் கோடையில் பறிகொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. இன்னொரு தப்பு, மனை முழுக்க இரண்டடி செம்மண் கொட்டுவது: செலவும் ஆகும், புதுக் களைவிதையும் லாரியில் வரும். நெல் வயலில் வைக்கிற மாதிரி பறவைத் தாங்கி நாலைந்து நட்டால் எச்சவிதை அதனடியில் குவியும். அங்கே முளைப்பதைப் பிடுங்காமல் வேறுபடுத்திக் காப்பாற்றினால் போதும்.

மியாவாக்கி முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடுவதைப் பற்றியும் கேட்பார்கள். அது வழிமுறை வளர்ச்சியின் முதல் கட்டங்களை மண் திருத்தத்தாலும் தண்ணீராலும் தாண்டிக் குதிப்பது. சிறு மனைக்கு, இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் உறுதி என்றால், பச்சை சீக்கிரம் வரும். ஆனால் நெருக்கிய மரம் உயரமாக வளர்வதை வைத்துக் காடு என்று சொல்லிவிட முடியாது. அந்த மரங்களின் விதையிலிருந்து கீழே அடுத்த தலைமுறை முளைத்து நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதே கண்ணோடு ஏரிகளையும் பார்க்கலாம். நீரடிச் செடி, அல்லி தாமரை, சம்பு கோரை, பின் சேறு மேடாகி நிலம் என்ற வரிசை இயல்பில் நூற்றாண்டுக்கணக்கு எடுக்கும். ரெட்டேரி, கொரட்டூர் மாதிரி கழிவுநீர் கலந்த ஏரிகளில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆகாயத்தாமரையை இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாக்கும், அதன் அழுகல் அடியில் படிந்து ஏரி அவசர அவசரமாக மூப்படைகிறது. வாரியதைக் கரையிலேயே குவித்தால் சத்து மழையோடு திரும்ப இறங்கும். வார வேண்டியது பூப்பதற்கு முன், கொட்ட வேண்டியது நீர்ப்பிடிப்புக்கு வெளியே. விதை 15 வருஷத்துக்கு மேலும் சேற்றில் உயிரோடிருக்கும், கழிவுநீர்க் குழாயை அடைக்காமல் வாருவது வருடாந்திரச் செலவு மட்டுமே.

எண்ணூர்க் கழிமுகத்தில் நடப்பதை வழிமுறை வளர்ச்சி என்று சொல்லவே கூடாது. மீனவர்கள் காக்கா ஆழி என்னும் தென் அமெரிக்கச் சிப்பி அடித்தளத்தில் பாய்போல் ஒட்டிப் பரவுகிறது. இறால் புதையவும் மஞ்ச மட்டி வாழவும் இருந்த சேறு மூடிப்போகிறது. அது ஒரு கட்டமல்ல, தடம் மாறிய நிலை. தானாகப் பழையதற்குத் திரும்பும் என்று காத்திருக்க முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், கண்டல் (அலையாத்தி) மரங்களின் மூச்சுவேரில் படிந்தது வேறு வகை: வேரின் துளை அடைபட்டு மரம் மெல்லச் சாகும், ஆனால் அலையேற்றம் சரியாக இருந்து அருகில் தாய்மரம் இருந்தால் வெண்கண்டல் விதை மிதந்து வந்து மறுபடி பிடிக்கும். நீரோட்டத்தைத் திறக்காமல் கன்றை மட்டும் நடுவதும், எப்போதும் திறந்த சேற்றுப் பரப்பாகவே இருந்த இடத்தில் நடுவதும் வீண். பின்னதில் உள்ளான் பறவைகளின் இரைத்தரையும் போகும்.

கடைசியாக, மாற்றம் நடக்கிறதா என்பதை எப்படி அளப்பது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், மனையில் குலுக்கல் முறையில் பத்து இடம், மூலையில் இரும்புக் கம்பி அடித்து நிரந்தரமாக்குங்கள். வருஷத்துக்கு இருமுறை, தை மாதத்திலும் வைகாசியிலும், அதே இடம். இனம், எண்ணிக்கை, தரையை மூடும் சதவீதம், இவற்றோடு முழங்காலுக்குக் கீழான மரக்கன்றுகளைத் தனியாக எழுதுங்கள். மழைக்குப் பின் மட்டும் எண்ணினால் எல்லா வருஷமும் செழிப்பாகத் தெரியும். தையையும் வைகாசியையும் ஒப்பிட்டால் பருவ மாற்றத்தை வளர்ச்சி என்று ஏமாறுவீர்கள். தைக்குத் தை, வைகாசிக்கு வைகாசி. ஐந்து வருஷ மனையையும் மாதவரத்து இருபது வருஷ மனையையும் பக்கத்தில் வைத்து “இது அதுவாகும்” என்று கணக்குப் போடுவதும் ஆபத்து. அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியில் பல பத்தாண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். கிறிஸ் ஃபாஸ்டி மரவளையங்களைப் படித்து 1995-இல் காட்டினார்: பனியாறு முதலில் விலகிய இடங்களும் பின்னால் விலகிய இடங்களும் ஒரே பாதையில் வரவேயில்லை, விதைமரம் அருகில் இருந்ததா இல்லையா என்பதே பெரிய வேறுபாடு.

பத்துச் சதுரத்திலும் மூன்று வைகாசி தொடர்ந்து, வேலிகாத்தான் அல்லாத மரக்கன்று கோடையைத் தாண்டி நின்றால் உங்கள் மனை நகர்கிறது. தையில் இருபது முளைத்து வைகாசியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் விதை வருகிறது, நிற்கத்தான் முடியவில்லை: ஆட்டையும் தண்ணீரையும் பாருங்கள். தையிலேயே ஒன்றும் இல்லையென்றால் விதை வரவில்லை, கன்றை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.